நியூக்ளியோ போர்டில் புரோகிராம் ஏறவில்லை. அவசரம், உதவுங்கள்

தூக்கமில்லாதவன்:
வணக்கம். நேற்றுவரை ஒழுங்காக இருந்த நியூக்ளியோ போர்டு (எஸ்டிஎம்32 சிப் பொருத்திய பயிற்சிப் போர்டு) இன்று புரோகிராம் ஏற்ற மறுக்கிறது. வேறு கணினியில் செருகிப் பார்த்தேன், மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினேன், பயனில்லை. "நோ டிவைஸ் ஃபவுண்ட் ஆன் டார்கெட்" என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வாரக் கடைசிக்குள் இதை ஓட்டிக் காட்டியாக வேண்டும். போர்டு செத்துவிட்டதா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மின்மினி:
எந்த போர்டு என்று சொல்லவே இல்லையே. நியூக்ளியோவில் 32, 64, 144 என்று மூன்று அளவுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஜம்பர்கள் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடிகள்) வேறு வேறு இடத்தில் இருக்கும். சிப்பின் முழுப் பெயர் என்ன? எந்த மென்பொருளிலிருந்து ஏற்றுகிறீர்கள்? கடைசியாக ஒழுங்காக ஏறிய புரோகிராம் என்ன செய்யும்? இந்த மூன்றும் தெரியாமல் நாங்கள் சொல்வதெல்லாம் ஜோசியம்தான்.

கேபிள்முதல்:
கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கேபிள்கள் பார்வைக்கு அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். உள்ளே தரவுக் கம்பிகள் இரண்டும் இருக்காது. இங்கே வரும் கேள்விகளில் பாதிக்குக் கேபிள்தான் பதில்.

பிட்_வாத்தியார்:
யூஎம்1724 என்று ஒரு கையேடு இருக்கிறது. போர்டை வாங்குபவர்கள் படிப்பதற்காகவே எழுதியது. அதைத் திறந்து பார்த்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. "செத்துவிட்டதா" என்று கேட்கும் முன் ஜம்பர்களின் படத்தையாவது ஒருமுறை பாருங்கள்.

தூக்கமில்லாதவன்:
சிப் எஃப்401ஆர்இ. ஏற்றும் மென்பொருள் கியூப்ஐடிஇ. கேபிள் மாற்றியாயிற்று, அதே கதைதான். விளக்கு எரிகிறது.

மின்மினி:
எந்த விளக்கு? அந்த போர்டில் மூன்று இருக்கின்றன. யூஎஸ்பி பக்கம் இருப்பது எல்டி1, அது டிபக்கருடையது (கணினியிலிருந்து புரோகிராமை ஏற்றவும் பிரதான சிப்பை நிறுத்திச் சோதிக்கவும் உதவும் துணைச் சிப்). பச்சையாக இருப்பது எல்டி2, அது உங்கள் புரோகிராமுக்கானது, பிஏ5 பின்னோடு இணைந்தது. சிவப்பாக இருப்பது எல்டி3, மின்சாரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஜேபி5 ஜம்பர் யூ5வி (யூஎஸ்பி மின்சாரம்) பக்கம் இருக்கிறதா, இ5வி (வெளி மின்சாரம்) பக்கம் இருக்கிறதா?

எட்டு_மெகாஹெர்ட்ஸ்:
எனக்கு இது கடிகாரப் பிரச்சினையாக, அதாவது சிப்பை ஓட்டும் துடிப்பின் பிரச்சினையாகத் தோன்றுகிறது. இந்த போர்டில் பிரதான சிப்புக்கென்று தனி 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பொருத்தப்பட்டிருக்காது. டிபக்கர் சிப்பிலிருந்துதான் 8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வருகிறது. அமைப்பில் "கிரிஸ்டல்" என்று தேர்ந்தெடுத்துவிட்டால் இல்லாத கிரிஸ்டலுக்காகக் காத்திருந்து எரர் ஹேண்ட்லருக்குள் போய் மாட்டிக்கொள்ளும். "பைபாஸ் கிளாக் சோர்ஸ்" என்று மாற்றிப் பாருங்கள்.

மீட்டர்_கையில்:
கடிகாரம் ஓடாவிட்டாலும் டிபக்கர் இணையுமே. எரர் ஹேண்ட்லர் என்பது முடிவில்லாத வளையம், அவ்வளவுதான். அதற்குள் சுற்றிக்கொண்டிருக்கும் சிப்பை டிபக்கரால் தாராளமாக நிறுத்த முடியும். அதோடு, அவர் முதலில் புரோகிராமை ஏற்றினால்தானே மாற்றிப் பார்க்க?

நான் கேட்பது வேறு. ஜேபி6 ஜம்பர் இடத்தில் இருக்கிறதா? ஐடிடி என்று அச்சடித்திருக்கும். சிப்புக்குப் போகும் மின்னோட்டத்தை அளப்பதற்காக வைத்தது அது. அதைக் கழற்றினால் எல்டி3 எரியும், டிபக்கரும் கணினியில் தெரியும், ஆனால் பிரதான சிப்புக்கு மட்டும் மின்சாரம் இருக்காது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். சிஎன்7 வரிசையில் 5வது பின்னுக்கும் 8வது பின்னுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள், 3.3 வோல்ட் வர வேண்டும்.

தூக்கமில்லாதவன்:
ஆமாம், நேற்று மின்னோட்டம் அளக்க ஜேபி6-ஐக் கழற்றினேன், திரும்பப் போட்டுவிட்டேன். 3.3 வருகிறது. ஜேபி5 யூ5வி. எல்டி3 சிவப்பு. எல்டி1 ஏற்ற முயலும்போது ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது.

மின்மினி:
இப்போதுதான் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. ஜேபி5 யூ5வி பக்கம் இருந்து எல்டி3 எரிகிறது என்றால் கேபிள் சரி. டிபக்கர் முதலில் கணினியோடு பேசி முடித்த பிறகுதான் போர்டின் மற்ற பகுதிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். தரவுக் கம்பி இல்லாத கேபிளாக இருந்தால் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கவே வாய்ப்பில்லை. எல்டி1 ஆரஞ்சு என்றால் டிபக்கருக்கும் பிரதான சிப்புக்கும் இடையில் பேச்சு நடக்கவில்லை என்று பொருள்.

டிபக்கரைப் பிரதான சிப்போடு இணைக்கும் சிஎன்2-இல் இரண்டு ஜம்பர்களும் இருக்கின்றனவா? எல்டி2 பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

கேபிள்முதல்:
கேபிள் சரியாக இருந்தாலும் ஹப் வழியாகச் செருகியிருந்தால் இப்படி ஆவதுண்டு. நேரடியாகக் கணினியில் செருகிப் பார்க்கட்டும்.

தூங்கும்_சிப்:
மின்னோட்டம் அளந்தேன் என்கிறார், ஆகவே மின்சாரத்தைச் சேமிக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார். ஸ்டாப் மோடு அல்லது ஸ்டாண்ட்பை மோடு பயன்படுத்தினீர்களா? சிப் தூங்கும்போது டிபக்கர் கூப்பிட்டால் அதன் காதில் விழாது. டிபிஜிஎம்சியு பதிவேட்டில் (பதிவேடு என்பது சிப்பின் அமைப்புகளை வைக்கும் நினைவிடம்) அதற்கென்று தனி பிட் வைத்துக்கொண்டால்தான் தூக்கத்திலும் இணைப்பு நிலைக்கும்.

தூக்கமில்லாதவன்:
சிஎன்2-இல் இரண்டும் இருக்கின்றன. ஹப் இல்லை. ஸ்டாப் மோடு எல்லாம் இன்னும் போடவில்லை, வெறும் எல்இடி சிமிட்டும் புரோகிராம்தான். எல்டி2 சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மீட்டர்_கையில்:
சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறதா! இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாமே ஐயா.

மின்மினி:
அப்படியானால் போர்டு சாகவில்லை. எல்டி2 சிமிட்டினால் சிப்புக்கு மின்சாரம் இருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது, ஃபிளாஷிலிருந்து (புரோகிராம் சேமிக்கப்படும் நினைவகம்) புரோகிராம் ஒழுங்காக இயங்குகிறது. டிபக்கரோடு பேசும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. அந்த வழி பிஏ13, பிஏ14 என்ற இரண்டு பின்கள். உங்கள் புரோகிராமே அவற்றை வேறு வேலைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

அமைப்புகளைத் தேர்ந்தெடுத்தால் கோடு (புரோகிராம் வரிகள்) உருவாக்கித் தரும் கியூப்எம்எக்ஸில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, சிஸ்டம் கோர், எஸ்ஒய்எஸ் பகுதியில் டிபக் என்ற வரியில் "சீரியல் வயர்" (டிபக்கரோடு இரண்டு கம்பியில் பேசும் வழி) இருக்கிறதா, "டிஸேபிள்" இருக்கிறதா? இன்னொன்று, கோடு ஜெனரேட்டர் பக்கத்தில் பயன்படாத எல்லாப் பின்களையும் அனலாக் ஆக்கு என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருக்கிறதா?

தூக்கமில்லாதவன்:
டிபக்கில் டிஸேபிள். அனலாக் பெட்டியில் டிக் இருக்கிறது. மின்னோட்டம் குறையும் என்று போட்டிருந்ததால் நேற்று அடித்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மின்மினி:
சம்பந்தம் முழுக்க அதுதான். அனலாக் நிலையில், பின்னில் வரும் மின்னழுத்தத்தை 0, 1 ஆகப் படிக்கும் ஷ்மிட் டிரிக்கர் அணைந்துவிடும். எதனோடும் இணைக்காமல் மிதக்கும் பின்களால் வீணாகும் மின்னோட்டம் மிச்சமாகும். நல்ல பழக்கம்தான். ஆனால் டிபக் "டிஸேபிள்" என்று இருந்தால் பிஏ13, பிஏ14 இரண்டும் பயன்படாத பின்கள் என்றே கணக்கில் சேரும், மற்றவற்றோடு சேர்ந்து அவையும் அனலாக் ஆகிவிடும். புதுத் திட்டம் தொடங்கும்போது போர்டைத் தேர்ந்தெடுத்து இயல்பான அமைப்புகளை ஏற்றுக்கொண்டால் "சீரியல் வயர்" தானாகவே வந்துவிடும். சிப்பை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடங்கினால் நாம்தான் வைக்க வேண்டும். நீங்கள் சிப்பிலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மீட்பது எளிது. ரீசெட்டில் பிடித்து வைத்திருக்கும்போது பின்கள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், பிஏ13-உம் பிஏ14-உம் டிபக்கருக்கே கிடைத்துவிடும். உங்கள் புரோகிராமின் முதல் வரி ஓடுவதற்குள் சிப்பை நிறுத்திவிட்டால் போதும். சிப்பில் ஏற்றவும் அழிக்கவும் உதவும் கியூப்புரோகிராமர் மென்பொருளைத் திறந்து, வலப்பக்கம் மோடு என்ற இடத்தில் "அண்டர் ரீசெட்", ரீசெட் மோடில் "ஹார்டுவேர் ரீசெட்" வைத்துக் கனெக்ட் கொடுங்கள். இணைந்ததும் ஃபிளாஷை முழுவதுமாக அழியுங்கள். பிறகு "சீரியல் வயர்" வைத்து மறுபடி கோடு உருவாக்கி ஏற்றுங்கள். அனலாக் டிக் அப்படியே இருக்கலாம், கேடில்லை.

அதுவும் சரிவராவிட்டால், சிஎன்7-இல் 5, 7 பின்களை ஒரு ஜம்பரால் இணைத்து ரீசெட் கொடுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று சிப்புக்குச் சொல்லும் பூட்0 பின் உயர்ந்த நிலைக்குப் போகும். சிப் உங்கள் புரோகிராமை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பூட்லோடரை (புரோகிராம் ஏற்றுவதற்கென்றே இருக்கும் சின்ன புரோகிராம்) ஓட்டும். அப்போது சாதாரணமாகவே இணையலாம். வேலை முடிந்ததும் ஜம்பரைக் கழற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் "புரோகிராம் ஏறுகிறது, ஓடவில்லை" என்று அடுத்த இழை திறக்க வேண்டியிருக்கும்.

பிட்_வாத்தியார்:
படத்தில் டிக் அடித்துப் புரோகிராம் எழுதினால் இதுதான் கதி. அந்தக் கோடு பயன்படுத்தும் ஹால் என்ற நூலகம் எதைத் தொடுகிறது என்று தெரியாமலே எல்லாவற்றையும் அதன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எல்இடி சிமிட்ட எனக்குக் கடிகாரத்தைத் திறக்கும் ஆர்சிசி பதிவேட்டில் ஒரு வரி, பின்னின் வேலையைத் தீர்மானிக்கும் மோடர் பதிவேட்டில் ஒரு வரி, பின்னை ஏற்றி இறக்கும் பிஎஸ்ஆர்ஆர் பதிவேட்டில் ஒரு வரி போதும். பதிவேட்டைக் கையால் எழுதிப் பழகியவன் இந்தக் குழியில் விழுவதில்லை.

மீட்டர்_கையில்:
விழுவதில்லையா? மோடர் பதிவேட்டில் பிஏ5-ஐ வெளியீடாக்க நேரடியாக ஹெக்ஸ் 400 என்று சமக்குறி போட்டு எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! ரீசெட்டுக்குப் பின் அந்தப் பதிவேட்டில் 15, 14, 13 ஆகிய மூன்று பின்களுக்கும் 10 என்ற பிட்கள் இருக்கும், டிபக்கருக்காக. ஒரே சமக்குறி மூன்றையும் பூஜ்யமாக்கி உள்ளீட்டுப் பின்களாக்கிவிடும். இதே பிழைச்செய்தி, இதே ஆரஞ்சு விளக்கு. ஹால் இல்லாமலேயே அழகாக விழலாம்.

பிட்_வாத்தியார்:
அது சமக்குறிக்கும் ஆர்-குறிக்கும் (பழைய பிட்களை விட்டுவைத்துப் புதியதைச் சேர்ப்பது) வித்தியாசம் தெரியாதவர்களின் பிரச்சினை. பதிவேட்டின் பிரச்சினை அல்ல.

மீட்டர்_கையில்:
அப்படியானால் டிக் அடித்ததும் ஹாலின் பிரச்சினை அல்லவே.

தூங்கும்_சிப்:
தொடங்குபவர்கள் ஆர்டுவினோ ஊனோவிலிருந்து வருவது நல்லது என்பேன். அதில் இந்தத் தலைவலியே கிடையாது, சீரியல் வழியாக பூட்லோடர் ஏற்றிக்கொள்ளும்.

எட்டு_மெகாஹெர்ட்ஸ்:
ஊனோவில் ஃபிளாஷ் 32 கிலோபைட், ரேம் 2 கிலோபைட். இவர் கையில் இருப்பதில் 512-உம் 96-உம். 84 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும், வரிக்கு வரி நிறுத்திப் பார்க்க டிபக்கரும் போர்டிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பின்னால் போகச் சொல்வானேன்? டிபக்கர் இல்லாமல் சீரியலில் எழுத்துகளை அச்சடித்துப் பிழை தேடுகிற பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது. இன்னொன்று, என் கடிகார யோசனை இவருக்குப் பொருந்தவில்லையே தவிர, தவறு அல்ல. "பைபாஸ்" வைக்க வேண்டும் என்பது உண்மைதான்.

பிட்_வாத்தியார்:
யாரும் தவறு என்று சொல்லவில்லை. பொருந்தவில்லை என்றுதான் சொன்னார்கள்.

தூக்கமில்லாதவன்:
அண்டர் ரீசெட்டில் இணைந்துவிட்டது. அழித்து, சீரியல் வயர் வைத்து ஏற்றினேன், ஓடுகிறது. மின்மினிக்கு நன்றி.

மீட்டர்_கையில்:
மகிழ்ச்சி. அனலாக் ஆக்குவதற்கு முன்னும் பின்னும் ஜேபி6-இல் எவ்வளவு மின்னோட்டம் வந்தது? எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

மீட்டர்_கையில்:
தூக்கமில்லாதவரே, இருக்கிறீர்களா?

கேபிள்முதல்:
தூங்கப் போய்விட்டார்.

கடலோரம்:
பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் எஃப்103சி8 இருக்கும் நீல நிறச் சின்ன போர்டு, தனியாக ஒரு யூஎஸ்பி டிபக்கர். அதே பிழைச்செய்தி வருகிறது. "அண்டர் ரீசெட்" வைத்தும் இணையவில்லை. அனலாக் பெட்டியில் டிக் அடிக்கவே இல்லை.

மின்மினி:
எஃப்1 வரிசையில் டிக் தேவையே இல்லை. டிபக் "நோ டிபக்" என்று இருந்தாலே உருவாகும் கோடு டிபக் பின்களை மொத்தமாக விடுவித்துவிடும். டிபக்கரிலிருந்து போர்டுக்கு எத்தனை கம்பிகள் இணைத்திருக்கிறீர்கள்?

கடலோரம்:
நான்கு. 3.3, கிரவுண்ட், எஸ்டபிள்யூடிஐஓ (டிபக் தரவு), எஸ்டபிள்யூசிஎல்கே (டிபக் கடிகாரம்).

மின்மினி:
ரீசெட் கம்பி இல்லை, அதனால்தான். நியூக்ளியோவில் அந்த இணைப்பு போர்டுக்குள்ளேயே இருக்கிறது, உங்களுக்கு நீங்கள்தான் போட வேண்டும். டிபக்கரின் ரீசெட் பின்னைப் போர்டில் "ஆர்" என்று குறித்திருக்கும் பின்னோடு இணைத்து மறுபடி முயலுங்கள். கம்பி இல்லையென்றால் போர்டின் மேல் இருக்கும் பூட்0 ஜம்பரை 1 பக்கம் நகர்த்தி, ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுச் சாதாரணமாக இணையுங்கள். ஃபிளாஷை அழித்த பிறகு ஜம்பரை 0 பக்கம் திருப்புங்கள்.

கடலோரம்:
பூட்0 ஜம்பரிலேயே இணைந்துவிட்டது. நன்றி.

பிட்_வாத்தியார்:
எஃப்1 வரிசைக்கான கையேடு ஆர்எம்0008-இல், பின்களின் வேலையை மாற்றும் ஏஎஃப்ஐஓ பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள்.