சுழல் ஏது: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

நிறுவ வேண்டிய முடிவையே காரணத்துக்குள் வைத்துக்கொண்டு வாதிடுவதை ஆங்கிலத்தில் ‘circular reasoning’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் ‘வட்ட வாதம்’, ‘சுற்று வாதம்’, ‘சுழல் காரணம்’ என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. சேலத்தில் போட்டித் தேர்வுக்குத் தருக்கப் பகுதி நடத்துகிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

‘வட்டம்’ என்றால் எங்கள் மாணவர்களுக்குத் தாலுகா ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். ‘வாதம்’ அதைவிட மோசம். பக்கவாதம், முடக்குவாதம் வரிசையில் இன்னொரு நோய் சேர்ந்துகொள்ளும். ‘சுற்று’ம் வேண்டாம். சுற்றிவளைத்துப் பேசுகிறவர் கடைசியில் எங்காவது வந்து சேர்ந்துவிடுவார். இங்கே புறப்பட்ட இடத்தை விட்டு நகர்வதே இல்லை.

வினாவில் இது வரும் விதத்தைப் பாருங்கள். “ஏற்காட்டுக் காபிதான் உயர்ந்தது; ருசி தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு ருசி தெரியும் என்பதற்குச் சாட்சி, உயர்ந்த காபியான ஏற்காட்டுக் காபியை அவர்கள் தேர்ந்தெடுத்ததே.” விடைகளில் வட்டம், சுழல் எதுவும் இருக்காது, ‘நிறுவ வேண்டியதையே முன்கூட்டி ஏற்றுக்கொள்கிறது’ என்று இருக்கும். பையன்கள் அதை விட்டுவிட்டு ‘சொன்னதையே திரும்பச் சொல்கிறது’ என்பதில் போய் விழுவார்கள். நன்னூலின் பத்துக் குற்றங்களில் உள்ள ‘கூறியது கூறல்’ நடையின் குற்றம். முடிவை இரண்டு தடவை சொன்னாலும், தனியே ஒரு நல்ல காரணம் இருந்தால் வாதம் நிற்கும். இதற்குச் சோதனை வேறு: முடிவை நம்பாத குடகுக் காபிக்காரர் அந்தக் காரணத்தை ஒத்துக்கொள்வாரா?

‘சுழல் காரணம்’ பரவாயில்லை. ‘கூற்று, காரணம்’ வினாக்களில் பழகிய சொல்தான். ஆனால் நிகழ்ச்சிக்கும் காரணம் உண்டே! ஜவ்வரிசி விலை இறங்கினால் மரவள்ளி நடவு குறையும், வரத்து குறைந்து விலை ஏறும், எல்லாரும் மறுபடி நடுவார்கள், விலை இறங்கும். ஆத்தூர்ப் பக்கம் இதை விளக்கவே வேண்டாம். இது உலகத்தில் நடக்கிற சுழற்சி, வாதத்தில் பிழை இல்லை. ‘சுழல் காரணம்’ என்றால் இதையும் அதில் அடைத்துவிடுவார்கள்.

என் பரிந்துரை ‘சுழல் ஏது’. மணிமேகலையின் 29ஆம் காதை வாதத்தைப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (அதற்கான காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரிக்கிறது. பிழைபட்ட ஏதுவை ஏதுப்போலி என்கிறது. பழைய சொல்தான், ஆனால் ‘அதற்கு ஏதுவாக’ என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்.

இன்னொரு லாபம், பெயரில் ‘தவறு’ என்பது இல்லை. ‘அ, ஆகவே அ’ என்பது வடிவத்தில் செல்லுபடியாகும். ‘முடிவு பெறப்படுமா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்பதே விடை. ‘வாதத்தின் குறை என்ன?’ என்று கேட்கும்போதுதான் இதைச் சுட்ட வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இங்கே மார்க் விடுகிறார்கள்.

அப்புறம், உட்பிரிவுகள். வடமொழித் தருக்கத்தில் ஆத்மாசிரயம், அன்னியோன்னியாசிரயம், சக்கரகம் என்று மூன்று உண்டு. முதல் இரண்டையும் ‘தன்னைப் பற்றல்’, ‘ஒன்றையொன்று பற்றல்’ எனலாம். காபி வினா இரண்டாவது வகை. மூன்றும் அதற்கு மேலும் படிகள் சுற்றிவரும் சக்கரகத்துக்கு எனக்கு இன்னும் சொல் சிக்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.