பிரவுன் தீர்ப்புக்குப் பிறகும் பள்ளிக் கதவு ஏன் திறக்கவில்லை? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

அமெரிக்கப் பள்ளிகளின் நிறப்பிரிவினை பற்றிப் பேச்சு எடுத்தாலே பிரவுன் வழக்கு, 1954 மே 17, பொதுப் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பத்து வருடம் கழித்துத் தெற்கு மாநிலங்களில் போய்ப் பார்த்தால், வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு ஒருவர்தான். தீர்ப்பு கையில் இருந்தும் எது தடுத்தது? வீரக் கதைகள் எங்கும் கிடைக்கும். எந்த ஊரில் என்ன ஏற்பாடு, அது எப்படி ஓடியது, எங்கே மாட்டியது என்று எழுதினால் வகுப்பில் பயன்படும்.

*

தொடக்கம் அதே பிரவுன் வழக்கில் 1955 மே 31-ல் வந்த இரண்டாவது உத்தரவு. அதில் காலக்கெடு கிடையாது. பிரிவினையை நடத்திவந்த அதே பள்ளி வாரியங்களே திட்டம் போட வேண்டும், கீழ் நீதிமன்றம் மேற்பார்வை பார்க்கும், அவ்வளவுதான்.

அந்த இடைவெளியில் நுழைந்தவைதான், எந்தக் குழந்தை எந்தப் பள்ளிக்கு என்று வாரியமே முடிவுசெய்யும் மாணவர் ஒதுக்கீட்டுச் சட்டங்கள். அலபாமா 1955-ல் போட்ட சட்டத்தை எடுத்துப் பாருங்கள், நிறம் என்ற சொல்லே இருக்காது. எல்லாக் குழந்தைகளும் பழைய பள்ளியிலேயே தொடர்வார்கள். மாற்றம் வேண்டுமென்றால் பெற்றோர் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வாரியம் பார்ப்பது: படிப்புத் தரம், உடல்நலம், மனநிலை, ஒழுக்கம், வீட்டுச் சூழல், இடவசதி, போக்குவரத்து, 'அமைதி குலையும் வாய்ப்பு'. இத்தனையில் ஒன்றில் கூடவா ஒரு குழந்தையைத் தள்ள முடியாது! மறுத்தால் முதலில் வாரியத்திடமே மேல்முறையீடு. அந்தப் படிகளையெல்லாம் ஏறி முடிக்காமல் நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கு நிற்காது. ஊருக்கே சேர்த்து ஒரு வழக்கு போடும் வழி இப்படித்தான் அடைபட்டது. 1958-ல் உச்ச நீதிமன்றமும் அலபாமா சட்டத்தை, எழுத்தளவில் பார்த்தால் செல்லும் என்று விட்டுவிட்டது.

லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில் இத்தகைய ஏற்பாட்டின் விளைவைப் பார்க்கலாம். நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பினக் குழந்தைகள் விண்ணப்பித்தார்கள். தேர்வு வைத்து வடிகட்டி, 1960 நவம்பர் 14 அன்று பள்ளிக்குள் போனவர்கள் நான்கு சிறுமிகள். வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்கு ரூபி பிரிட்ஜஸ், மெக்டோனோ 19-க்கு மற்ற மூவர். மெக்டோனோவில் வெள்ளைக் குழந்தைகள் அத்தனை பேரையும் பெற்றோர் கூட்டிக்கொண்டு போய்விட, அந்த மூவர் மட்டும் ஒரு முழுப் பள்ளியில் படித்தார்கள். ஆவணத்தில் அதுவும் 'கலப்புப் பள்ளி'தான்.

*

ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எல்லோருக்கும் கறுப்பின மாணவர்களைத் தடுத்த ஆளுநர் ஃபோபஸும், அவர்களைக் காக்க மத்திய அரசு அனுப்பிய தரைப்படையின் 101-வது வான்வழிப் படைப்பிரிவும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே திட்டத்திலேயே கோளாறு இருந்தது. 1957-ல் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் மட்டும் தொடக்கம். கீழ் வகுப்புகள் பல ஆண்டு கழித்து. அதே 1957-ல் நகரின் வசதியான மேற்குப் பகுதியில் ஹால் உயர்நிலைப் பள்ளி திறந்தது, அங்கே முழுக்க வெள்ளையர். ஆக, கலப்பு முழுவதும் உழைக்கும் வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் வந்து விழுந்தது. பணக்காரப் பகுதியைத் தொடவில்லை. அங்கிருந்து கிளம்பிய ஆத்திரத்தைத்தான் ஃபோபஸ் அறுவடை செய்தார்.

சென்ட்ரல் பள்ளிக்குள் போன ஒன்பது கறுப்பின மாணவர்களும் விளையாட்டு, இசைக்குழு, மன்றம் எதிலும் சேரக்கூடாது என்பது நிபந்தனை. படைவீரர்கள் தாழ்வாரத்தில் கூட வருவார்கள். வகுப்பறை, கழிவறை, உடற்பயிற்சிக்கு உடை மாற்றும் அறைக்குள் வரமாட்டார்கள். அடியும் இடியும் அங்கேதான் விழுந்தன.

அடுத்த கல்வியாண்டு முழுக்க நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார்கள். ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் மட்டும் தினமும் வந்து காலி வகுப்பறையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். 1959 மே மாதம் 44 ஆசிரியர், அலுவலர்களை நீக்கப்போய், ஊர்க்காரர்களே வாரியத்தின் பிரிவினைவாத உறுப்பினர் மூவரை வாக்களித்து இறக்கினார்கள். ஆகஸ்டில் பள்ளி திறந்தது.

*

லிட்டில் ராக்கில் பள்ளி மூடியிருந்தது ஒரு வருடம். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஐந்து வருடம், 1959 முதல் 1964 வரை. பிரவுனோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று இங்கிருந்து போனதுதான். கறுப்பினத்தவருக்கென 180 பேருக்குக் கட்டிய மோட்டன் பள்ளியில் 450-க்கு மேல் மாணவர்கள், மீதிப் பேருக்குத் தார்க்காகிதம் ஒட்டிய கொட்டகை. 1951 ஏப்ரல் 23 அன்று 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் மாணவர்களே வெளிநடப்புச் செய்தார்கள்.

மூடிய முறை எளிது: கவுன்டி, பள்ளிக்கான வரியை விதிக்கவே இல்லை. வெள்ளைக் குழந்தைகளுக்கு அதற்குள் ஒரு தனியார் பள்ளி தயார். கட்டண மானியமும் வரிச் சலுகையும் அங்கே போயின. கறுப்பினக் குழந்தைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். பலருக்குப் படிப்பே நின்றது. 1964-ல் உச்ச நீதிமன்றம், தேவையானால் வரி விதிக்கச் சொல்லியே கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது. பூட்டு தொங்கியது வரியில் என்பதால் சாவியும் அங்கேதான் போட வேண்டியிருந்தது.

*

நுணுக்கமான ஏற்பாடு என்றால் என் கணக்கில் 'விருப்பத் தேர்வு'தான். ஒதுக்கீட்டுச் சட்டங்கள் ஓய்ந்ததும் இது வந்தது. 1964 குடிமை உரிமைகள் சட்டப்படி பிரிவினை நடத்தினால் மத்திய அரசுப் பணம் நிற்கும். 1965 கல்விச் சட்டத்தால் அந்தப் பணம் பெரிய தொகையாகிவிட்டது. பணம் போய்விடக் கூடாது, பள்ளியும் மாறக் கூடாது. ஆண்டுதோறும் பெற்றோருக்கு ஒரு படிவம்: எந்தப் பள்ளி வேண்டுமோ எழுதிக் கொடுங்கள்.

வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுன்டியில் இரண்டே பள்ளிகள். கிழக்கே வெள்ளையருக்கு நியூ கென்ட், மேற்கே கறுப்பினத்தவருக்கு வாட்கின்ஸ். 740 கறுப்பின மாணவர், 550 வெள்ளை மாணவர், ஊர் முழுக்கக் கலந்து குடியிருந்தார்கள். 21 பேருந்துகள் ஒன்றின் தடத்திலேயே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் கட்டாயம் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற வகுப்புகளில் படிவம் கொடுக்காதவர் பழைய பள்ளியிலேயே தொடர்வார். 1967-ல் 115 பேர் மாறியிருந்தார்கள். வாட்கின்ஸைத் தேர்ந்தெடுத்த வெள்ளைக் குழந்தை ஒன்றுகூட இல்லை.

ஏன் இவ்வளவு குறைவு? கையெழுத்துப் போட்டவர் பெயர் ஊருக்குத் தெரியும். வேலை கொடுப்பவர், நிலத்துக்காரர், கடன் கொடுத்தவர் எல்லாம் வெள்ளையர். பிரவுனோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கான தென் கரோலினாவின் கிளாரெண்டன் வழக்கில் பெயர் கொடுத்த ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் நிலைய வேலை போனது எல்லோரும் அறிந்ததுதான்.

நியூ கென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1968 மே மாதத் தீர்ப்பின் சாரம்: பிரிவினையைக் கட்டியது வாரியம், கலைக்க வேண்டியதும் வாரியம், அந்தப் பாரத்தைப் பெற்றோர் தலையில் ஏற்றக் கூடாது. கூடவே பார்க்க வேண்டிய அம்சங்களையும் சொன்னது: மாணவர், ஆசிரியர், அலுவலர், போக்குவரத்து, விளையாட்டு முதலிய புறச்செயல்பாடுகள், கட்டட வசதி. ஒரு பள்ளி நிர்வாகம் நீதிமன்ற மேற்பார்வையிலிருந்து விடுபடக் கேட்டால் இன்றும் இந்த ஆறையும்தான் எடுத்து வைப்பார்கள்.

*

அந்த ஆறில் 'ஆசிரியர்' என்பதைக் கடந்து போய்விடாதீர்கள். இணைப்பு என்றால் பெரும்பாலும் கறுப்பினப் பள்ளியை மூடி, பிள்ளைகளை மட்டும் வெள்ளையர் பள்ளிக்கு அனுப்புவது என்றே ஆனது. தலைமை ஆசிரியராக இருந்தவர் துணைத் தலைமையாக இறக்கப்பட்டார், அல்லது வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிரவுன் வழக்கு தொடங்கிய ஊரான டொபீகாவில் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1953-ல், கறுப்பின ஆசிரியர் சிலருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை என்று கண்காணிப்பாளர் கடிதம் எழுதிவிட்டார்.

*

பேருந்து பற்றி, அதாவது கலப்புக்காகக் குழந்தைகளைத் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பியது பற்றி, யாரும் இன்னும் தொடவில்லை. வட கரோலினாவின் சார்லட்-மெக்லன்பர்க் பள்ளி நிர்வாகம் பற்றிய 1971 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் உள்ள எண்களைப் பாருங்கள். 84,000-க்கு மேல் மாணவர், 107 பள்ளிகள். சுமார் 14,000 கறுப்பின மாணவர்கள் 99 விழுக்காடோ அதற்கு மேலோ கறுப்பினத்தவரே படித்த 21 பள்ளிகளில் இருந்தார்கள். கலப்புக்கான புதிய பேருந்துத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குச் சராசரி 7 மைல், மிஞ்சினால் 35 நிமிடம். அதற்கு முன்பே அதே நிர்வாகம் 23,600 மாணவர்களைச் சராசரி 15 மைல், ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அப்போது தூரத்தைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் எழவில்லை.

*

பேருந்து ஓடியும் எல்லைக்கோட்டில் நின்றது. 1974-ல் டெட்ராய்ட் வழக்கில் 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்க்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளியது. குற்றம் நகரத்தினுடையது, புறநகர் என்ன செய்தது என்ற வாதம். வீடு மாற்ற வசதி உள்ளவருக்கு அப்புறம் படிவமும் தேவையில்லை, வழக்கும் தேவையில்லை.

பணத்தின் கோடு அதற்கு ஒரு வருடம் முன்பே விழுந்தது. டெக்சஸ், சான் அன்டோனியோ. மெக்சிக வம்சாவளியினர் வாழும் எட்ஜ்வுட்டில் ஒவ்வொரு 100 டாலர் சொத்து மதிப்புக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள். மாநிலப் பொதுத் திட்டத்துக்கான பங்கு போகக் குழந்தைக்கு மிஞ்சியது 26 டாலர். அருகே வசதியான வெள்ளையர் அதிகம் வாழ்ந்த ஆலமோ ஹைட்ஸில் வரி 0.85 தான், மிஞ்சியது 333 டாலர். மாநிலப் பணம், மத்திய அரசுப் பணம் எல்லாம் சேர்த்து இங்கே 356, அங்கே 594. எட்ஜ்வுட் பெற்றோர் தங்கள் மேல் அதிக வரி போட்டுக்கொண்டும் குறைவாகத்தான் பெற்றார்கள். இதை எதிர்த்து அவர்கள் போட்ட வழக்கையும் 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கைவிட்டது.

வழக்கு அதோடு போகவில்லை. மத்திய அரசியலமைப்பு கைகொடுக்காததால் மாநில அரசியலமைப்பைப் பிடித்தார்கள். 1989-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றது. சட்டமன்றம் கொண்டுவந்த மாற்று ஏற்பாடுகள் இருமுறை அடிபட்டன. 1993 சட்டம்தான் நிலைத்தது: சொத்து வளம் வரம்பைத் தாண்டும் பள்ளி மாவட்டம் தன் வளத்தில் ஒரு பங்கைப் பிற மாவட்டங்களுக்காக விட்டுத்தர வேண்டும். அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1995-ல் செல்லும் என்று தீர்ப்பானது.