புதுப்பிப்பு: அந்த 600 பக்க நாவலை மூடி வைத்துவிட்டேன்

போன மாதம் கேட்டிருந்தேன், 210-ஆம் பக்கத்தில் நிற்கிறேன், பிடிக்கவில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடவும் மனசு வரவில்லை, என்ன செய்யலாம் என்று.

சரி, விட்டுவிட்டேன். பலர் சொன்ன 50 பக்க விதி நல்ல விதிதான்: அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்னது, 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வயது 50-ஐத் தாண்டியிருந்தால் 100-லிருந்து வயதைக் கழித்து வரும் பக்கங்களே போதும். ஆனால் என்னை அசைத்தது 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட, சீசன் முழுவதுக்குமான நாடகச் சீட்டு வாங்கியவர்களைப் பற்றிய ஆய்வு. முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்குப் போயிருக்கிறார்கள், அதுவும் முதல் பாதி சீசனில். கொடுத்த காசுதான் அவர்களை இழுத்திருக்கிறது. படித்த 210 பக்கங்களும் என்னை அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தன.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கடினமான புத்தகமும் பிடிக்காத புத்தகமும் ஒன்றல்ல. மூடி வைத்த பிறகும் ஏதாவது ஒரு பாத்திரம் மனதில் ஓடினால் நான் தொடர்வேன். இதில் யாருமே ஓடவில்லை.

அப்புறம், இந்த மூன்று வாரத்தில் இரண்டு புத்தகங்கள் முடித்தேன். அதில் ஒன்று, பல வருடங்களுக்கு முன் நானே பாதியில் வைத்தது.