ஜூலைக் கடைசியில் மலைநாடு, 2 இரவு: நுவரெலியாவா, பண்டாரவளைப் பக்கமா?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பில் இருந்து 4 பேர், சொந்தக் கார் (அக்குவா ஹைபிரிட்). அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டா. ஜூலைக் கடைசிக் கிழமையில் 3 நாள் லீவு கிடைத்திருக்கிறது. கணக்கு முடிக்கிற வேலை முடிந்து வருகிற லீவு. ஊர் சுற்றும் எண்ணம் இல்லை. குளிரில் நல்ல நித்திரை, காலையில் கொஞ்சம் காலாற நடை, அவ்வளவுதான் வேணும். கேட்கிற எல்லாரும் நுவரெலியா என்கிறார்கள். அந்த மாதத்துக்கு அது சரியா? சமதரையில் ஓடிப் பழகின ஆள் மலைப்பாதையில் எதைக் கவனிக்க வேணும்? அம்மாவைக் கொஞ்சத் தூரமாவது கோச்சியில் கூட்டிப்போகலாமா?

ஊவாக்காரி:
அண்ணன், ஏப்ரல் என்றால் நுவரெலியா. ஜூலை என்றால் பண்டாரவளை. மலை ஒன்றுதான், இரண்டு பக்கமும் காலநிலை வேறு.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் மழையைக் கொட்டிவிடும். நுவரெலியாவுக்குத் தூறலும் மூடுபனியும் வந்து சேரும். 3 நாளும் அறைக்குள்ளேயே இருக்க நேரலாம், துவைத்த துணியும் காயாது. அதே காற்று முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் (பண்டாரவளை, பதுளை இருக்கும் கிழக்குச் சரிவு) இறங்கும்போது ஈரம் இழந்து காய்ந்துவிடும். கீழே உங்கள் ஊரில் கச்சான் காற்று என்று புழுங்குகிறீர்களே, அதுதான் இங்கே வெயிலும் குளிருமாக வீசும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை தனி வாசம் ஏறுவதும் இந்தக் காய்ந்த காற்றால்தான்.

தங்க மூன்று ஊர் உண்டு. அப்புத்தளை ஏறக்குறைய 1,430 மீற்றர், மலை முகட்டிலேயே இருக்கிறது. காட்சிக்கு அதை மிஞ்ச ஊரில்லை. ஆனால் ஜூலையில் இரவெல்லாம் காற்று ஜன்னலை அடிக்கும். நித்திரைக்காக வருகிறவர் யோசிக்க வேணும். எல்ல 1,040 மீற்றர்தான், குளிர் குறைவு, சனமும் பாட்டுச் சத்தமும் கூட. பண்டாரவளை 1,230 மீற்றர் அளவில், காற்றுக்கு ஒதுங்கின இடம். உங்களுக்கு அதுதான் பொருந்தும். இரண்டு இரவும் ஒரே அறையில் இருங்க. ஒரு இரவு ஒரு ஊர் என்று போட்டால் சாமான் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் நாள் போய்விடும்.

அறை எடுக்கும்போது விலைக்கு முதல் இதைக் கேளுங்க: கார் நிற்கும் இடத்தில் இருந்து கட்டில் வரை எத்தனை படி? மலையில் வீடுகள் சரிவை வெட்டிக் கட்டினவை. "கீழ்த்தளம்" என்று சொல்லிவிட்டு வீதியில் இருந்து 40 படி இறங்கவிடுவார்கள். அடுத்தது சுடுதண்ணீர். சோலார் மட்டும் என்றால் மப்பு நாளில் விடிய பச்சைத்தண்ணீர்தான். கீசரும் இருக்கிறதா என்று கேளுங்க. வரட்சி மாதம் என்பதால் தண்ணீர்த் தாங்கியின் அளவையும் கேட்பது நல்லது.

பதுளைச்சாரதி:
நீங்கள் வரவேண்டியது செங்கலடி – பதுளை ஏ5 வீதி. மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. பிறகு ஹாலி எல, தெமோதரை வழியாக பண்டாரவளை. கண்டியைச் சுற்றத் தேவையே இல்லை. லுணுகலையில் இருந்து வளைவுகள் தொடங்கும். பிள்ளைகளுக்குப் பிபிலையில் வயிறு நிறையக் கொடுத்தால் பசறையில் சத்தி எடுப்பார்கள். அரை வயிறு போதும், கண் முன் வீதியைப் பார்க்கட்டும், கைபேசி வேண்டாம்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் பாட் சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் பழசு என்றால் அதில் ஈரம் சேர்ந்திருக்கும். அந்தச் சூட்டில் அது கொதித்துக் குமிழி கட்டும், மிதி தரையைத் தொடும். 2 வருடமாக மாற்றாத எண்ணெய் என்றால் புறப்பட முதல் மாற்றுங்க. பாட் தடிப்பையும் பார்க்கச் சொல்லுங்க.

அக்குவாவில் இறக்கத்துக்கு கியரை 'B'யில் போடுங்க (நிறுத்தி வைக்கிற 'P' அல்ல). 'D'யில் விட்டால் பாதி மலையிலேயே பெற்றரி நிறைந்துவிடலாம். அதற்குப் பிறகு மோட்டார் காரைப் பிடிப்பது குறையும், பாரம் கூடுதலாகப் பிரேக்குக்கு வரும். 'B'யில் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் திடீரென்று இரைந்தால் பயப்பட வேண்டாம், அது பழுதல்ல. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டுத் திரும்புங்க. கருகல் மணம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்க. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும்.

ஒடுங்கின இடத்தில் ஏறி வருகிற வாகனத்துக்கு வழி விடுங்க. மூடுபனியில் லைற்றைத் தாழ்த்துங்க. உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். மெப் "குறுக்குவழி" என்று தோட்டப் பாதைக்குள் இழுத்தால் போக வேண்டாம்.

திரும்பும் நாள் பகல் 12 மணிக்குள் புறப்படுங்க. மகா ஓயாவுக்கும் செங்கலடிக்கும் இடையில் யானை வீதிக்கு வரும் இடங்கள் இருக்கின்றன, இருட்ட முதல் தாண்ட வேணும்.

கோச்சிப்பாதை:
அம்மாவுக்கு முழு மலைப்பயணம் வேண்டாம். பண்டாரவளையில் ஏறி எல்ல, தெமோதரை தாண்டிப் பதுளை வரை போனால் போதும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் 1921இல் கட்டின ஒன்பது வளைவுப் பாலம். இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக நிற்கிறது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேசனுக்குக் கீழே சுரங்கத்தால் வெளியே வரும். காரை ஒருவர் பதுளைக்குக் கொண்டுவந்தால் அங்கே ஏறிக்கொள்ளலாம்.

2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் மலைப்பாதையை நன்றாகச் சிதைத்தன. அதனால் எந்தப் பகுதி ஓடுகிறது, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே பண்டாரவளை ஸ்டேசனில் கேளுங்க. பழைய நேர அட்டவணையை நம்ப வேண்டாம். மேடைக்கும் பெட்டிக்கும் இடையில் உயரம் இருக்கும். அம்மாவை ஒருவர் உள்ளே இருந்து கைபிடிக்க, ஒருவர் பின்னால் நிற்க வேணும்.

கல்லடிப்பாலம்:
மிக்க நன்றி. பண்டாரவளை என்று முடிவு. இரண்டாம் நாள் விடிய நானும் தம்பியும் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஓடிவிட்டு வந்தால்?

ஊவாக்காரி:
வேண்டாம். அது ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நடை, 2,100 மீற்றருக்கு மேலே. விடியப்புறம் 3, 4 மணிக்கு எழும்ப வேணும். ஜூலையில் பருவக்காற்று மூடுபனியைக் கொண்டுவந்து உலக முடிவை (அங்கே இருக்கும் World's End என்ற செங்குத்துப் பாறை விளிம்பு) மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். ஓய்வுக்கு வந்து நித்திரையைக் கெடுக்கிற வேலை. அதை ஜனவரி, பெப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்க.

பதிலுக்கு லிப்டன் சீட், தேயிலை மலை உச்சியில் காட்சி பார்க்கிற இடம். அப்புத்தளையில் இருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை 10 கிலோமீற்றர், அங்கிருந்து மேலே 7 கிலோமீற்றர். அக்குவா அடி தட்டும், அப்புத்தளையில் காரை விட்டு ஓட்டோ பிடியுங்க. காலை 7 மணிக்கு மேலே நிற்க வேணும், 9, 10 மணிக்குப் பனி ஏறிவிடும். அம்மாவும் ஓட்டோவில் வரலாம், காற்றுக்குக் காதை மூடத் துணி வேணும். இறங்கும்போது நீங்களும் தம்பியும் தேயிலைக்குள்ளால் நடந்து வாங்க, எல்லாம் இறக்கம்தான். கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அவர்களுக்கு அது நிறைக்குக் கணக்குக் கொடுக்கிற நேரம். மருந்து அடித்த மலைக்குள் இறங்கவும் வேண்டாம்.

தொழிற்சாலை பார்க்கிற எண்ணம் இருந்தால் திங்கட்கிழமையைத் தவிருங்க. ஞாயிறு கொழுந்து எடுப்பது குறைவு, கொழுந்து ஓர் இரவு வாடின பிறகுதான் அரைப்பு. அதனால் பல இடங்களில் திங்கள் காலை மெசின் ஓடாது. செவ்வாய் முதல் சனி வரை, காலையில் போனால் அரைப்பையும் பார்க்கலாம், வாசத்தையும் பிடிக்கலாம்.