புதுப்பிப்பு: தண்ணீரில் மிதக்காமல் மூழ்கிய பேப்பர் கிளிப், காரணம் கிடைத்தது

டர்பனில், சாட்ஸ்வொர்த் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல் இருக்கும் தன்மையான பரப்பு இழுவிசையைக் காட்டப் போனால் கிளிப் ஒவ்வொரு முறையும் மூழ்குகிறதே, என்ன தப்பு என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

"டம்ளரில் சோப்பு ஒட்டியிருக்கும்" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. வெறும் தண்ணீரில் ஐந்தாறு முறை அலசினேன். டிஷ்யூ துண்டின் மேல் கிளிப்பை வைத்து, தாள் நனைந்ததும் குச்சியால் அதை மட்டும் மெல்லக் கீழே அமுக்கச் சொன்னார் ஓர் அக்கா. அலசிய டம்ளரில் முதல் தடவையே மிதந்தது. அலசாததில் அதே வழி பலிக்கவில்லை. வேறு வகைத் தண்ணீர் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று. ஒரு சிறுமி எண்ணெய் தேய்த்த தன் பின்னலில் கிளிப்பை உரசிவிட்டு, டிஷ்யூ இல்லாமல் விரலாலேயே வைத்தாள். நின்றது! எண்ணெய் படிந்த எஃகை நீர் எளிதில் நனைக்காது என்பதை அவளை வைத்தே விளக்கினேன்.

கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கிளிப்புக்கு அடியில் நீர் தூளிபோல் குழிந்திருக்கும். எஃகு தண்ணீரைவிட ஏறக்குறைய 8 மடங்கு அடர்த்தி. இது படகு மிதப்பதுபோல் அல்ல, நீரின் மேற்பரப்பு தாங்குவது என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

20 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன். சோப்பு அதை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். சோப்பு தொட்ட குச்சியை ஓரத்தில் வைத்ததுமே கிளிப் மூழ்கியது. இதைக் கடைசியில் செய்யுங்கள், பிறகு அந்த டம்ளரை மறுபடி நன்றாக அலச வேண்டும்.