ஹைலக்ஸ் டபுள் கேபுக்கு லிஃப்ட் கிட்: 40 மி.மீ. போதுமா, 75 வேண்டுமா?

கரும்புப்பாதை (டோங்காட்)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2019 மாடல் ஹைலக்ஸ் 2.8 ஜிடி-6, டபுள் கேப், 4×4. ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் வண்டியோடு வந்தவைதான். டயர் 265/65 ஆர்17. வார நாட்களில் என்2 நெடுஞ்சாலையும் கரும்புக்காட்டு மண்பாதையும். லீவு வந்தால் சானி பாஸ் மலைப்பாதை, கோசி பே மணல், முடிந்தால் கலகாடி பாலைவனம்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டுக்கு மூன்று கடையில் விலை கேட்டேன், மூன்றும் மூன்று விதம். ஒருவர் முன்னால் ஸ்ட்ரட் (காயில் ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) மேல் ஸ்பேசர் வட்டை, பின்னால் நீள ஷாக்கிள் (பட்டையின் பின்முனையைச் சேஸோடு இணைப்பது), 50 மி.மீ. தூக்கலாம், ஒரே நாளில் முடியும் என்கிறார். இரண்டாமவர் முன் ஸ்ப்ரிங், ஷாக், பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்) எல்லாம் சேர்த்து 40 மி.மீ. கிட். மூன்றாமவர் 75 மி.மீ., கூடவே மேல் ஆர்ம் (முன்சக்கரத்தைச் சேஸோடு பிணைக்கும் மேல் கை), டிஃப் டிராப் (முன் டிஃபரன்ஷியலை இறக்கும் பாகம்) எல்லாம் போட வேண்டும் என்கிறார். முன்னால் கனமான காயில் ஸ்ப்ரிங் போட்டுவிட்டால் நாளைக்கு ஸ்டீல் பம்பர் வைத்தாலும் தாங்குமாம்.

எது சரி? மேல் ஆர்ம் உண்மையிலேயே வேண்டுமா? டயரை 265/70 ஆக்கலாமா?

பட்டைக்கட்டு (பைன்டவுன்)

தம்பி, மி.மீ. கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். லிஃப்ட் கிட் வாங்கும்போது நீங்கள் தேர்ந்தெடுப்பது ஸ்ப்ரிங்கின் பலத்தை. அதன் மேல் எத்தனை கிலோ நிரந்தரமாக உட்காருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் உயரம் வரும். ஒரே காயிலை வெறும் முகப்பு உள்ள வண்டியில் போட்டால் ஒரு உயரம், பம்பரும் வின்ச்சும் வைத்த வண்டியில் வேறு உயரம். கிட் டப்பாவில் 40 என்று அச்சடித்திருப்பது அவர்கள் சொல்லும் எடை இருந்தால் மட்டுமே.

அதனால் "நாளைக்கு பம்பர் வைத்தாலும் தாங்கும்" என்று இன்றைக்கே கனக் காயில் போடாதீர்கள். ஸ்டீல் பம்பர் 60 கிலோ பக்கம், வின்ச் 30 முதல் 40 கிலோ. அந்த எடைக்கு வளைத்த காயிலை வெறும் முகப்பில் போட்டால் முன்பக்கம் 65, 70 மி.மீ. வரை எழுந்து நிற்கும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமே மிச்சம் இருக்காது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பலர் அதை ஷாக் பழுது என்று நினைத்து ஷாக்கை மாற்றுகிறார்கள். ஷாக்கில் ஒன்றும் இல்லை, ஸ்ப்ரிங்தான் தப்பு.

இப்போது ஸ்பேசர். ஹைலக்ஸில் ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்காருகிறது, சக்கரமோ ஆர்மின் நுனியில். ஆகவே ஸ்ட்ரட் தலையில் 25 மி.மீ. வட்டை வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 50 மி.மீ. ஏறும். மலிவாக இருப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் ஸ்ட்ரட் முழுதாக நீளும்போது சக்கரம் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டி இன்னும் 50 மி.மீ. கீழே போகும். சக்கரத்தைச் சுழற்றும் சி.வி. ஜாயிண்டும், ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் மேல் பால் ஜாயிண்டும் அந்தக் கோணத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. அழுந்தும்போது இன்னொரு கேடு: ரப்பர் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் தட்டும். தார் ரோட்டில் இரண்டுமே தெரியாது. சானியின் கொண்டை ஊசி வளைவில், ஒரு சக்கரம் தொங்கி ஸ்டியரிங் முழுதாகத் திரும்பியிருக்கும் நிலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அப்போது தெரியும்.

நீள ஷாக்கிளையும் வேண்டாம் என்றே சொல்வேன். ஷாக்கிள் கூடும் நீளத்தில் பாதிதான் வண்டி உயரும். பட்டையின் பின்முனை மட்டும் கீழே இறங்குவதால் ஆக்ஸில் சுழன்று பினியன் (டிஃப்பில் ஷாஃப்ட் சேரும் இடம்) கோணம் மாறும். வளைவில் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடும். பட்டை தளர்ந்திருந்தால் பட்டையை மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். எந்த சஸ்பென்ஷன் லிஃப்டும் பின் டிஃப்பை ஒரு மி.மீ. கூட உயர்த்தாது. கல் இடிக்கிற அந்த உருண்டை உயர வேண்டுமென்றால் டயர்தான் வழி. 265/65 ஆர்17 விட்டம் சுமார் 776 மி.மீ., 265/70 ஆர்17 சுமார் 803. பாதி கணக்கிட்டால் டிஃப்புக்குக் கிடைப்பது 13 மி.மீ. ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும். போடலாம், ஆனால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு முன்சக்கரத்தை ரேம்பில் ஏற்றி, உள் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்த பிறகு.

நீங்கள் போகும் இடங்களுக்கு 40 தாராளம். கோசி பே மணலில் உங்களைக் கொண்டுசேர்ப்பது டயர் காற்று: 1.0 முதல் 1.2 பார். 75 மி.மீ. தூக்கிவிட்டு 2.2 பாரில் போனால் வண்டி உயரமாகப் புதையும், அவ்வளவுதான்.

முடிவாகச் சொல்ல எனக்கு எடை வேண்டும். பின்னால் எப்போதும் கழற்றாமல் இருப்பது என்னென்ன, எத்தனை கிலோ?

நேர்கோடு (ஃபீனிக்ஸ்)

அண்ணன் சொன்னதோடு அலைன்மெண்ட் விஷயத்தை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் கிட் விற்பவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

முன்பக்கம் உயரும்போது இரண்டு கோணம் கெடும். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) பாசிட்டிவ் பக்கம் போகும், அதாவது மேல்பக்கம் வெளியே சாயும்; கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) குறையும். கேம்பர் கெட்டால் டயர் வெளிவிளிம்பு தேயும். கேஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. என்3யில் வான் ரீனன் பக்கம் லாரி கடக்கும்போது காற்று தள்ளும் பாருங்கள், அப்போது வண்டி அங்கும் இங்கும் அலையும், ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கீழ் ஆர்மில் முன்னும் பின்னும் கோணத்தைத் திருத்தும் கேம் போல்ட் இருக்கிறது. 40 மி.மீ. வரை பெரும்பாலான ஹைலக்ஸில் அந்த போல்ட்டிலேயே சரிசெய்துவிடலாம். 50 என்று போனால் போல்ட் கடைசிக் கோட்டைத் தொட்டும் கேஸ்டர் போதாமல் நிற்பது சகஜம். அங்கேதான் மேல் ஆர்ம் தேவைப்படுகிறது. 75க்கு அது கட்டாயம், காரணம் கேஸ்டர் மட்டுமல்ல: சக்கரம் தொங்கும்போது கம்பெனி மேல் ஆர்ம் காயிலின் மேலேயே போய் இடிக்கும்.

ஆகவே 40 கிட்டுக்கு முதலில் மேல் ஆர்ம் வாங்காதீர்கள். கிட் போட்டு, அலைன்மெண்ட் பார்த்து, திருத்துவதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் உள்ள பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். கேஸ்டர் இரண்டு பக்கமும் 3 டிகிரிக்குப் பக்கத்தில், இரண்டுக்கும் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் போதும். 2க்குக் கீழே நின்றால் அப்போது ஆர்ம் வாங்குங்கள். "டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பும் அளவு) மட்டும் பார்த்தாச்சு, பச்சை விளக்கு வந்துவிட்டது" என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். டோ சரியாக இருந்தும் கேஸ்டர் மோசமாக இருக்கலாம்.

டிஃப் டிராப் பற்றி: அது முன் டிஃப்பை 25 மி.மீ. போல இறக்கி சி.வி. கோணத்தைக் குறைக்கிறது. நீங்கள் காசு கொடுத்து ஏற்றிய உயரத்தில் பாதியை நடுவயிற்றில் திருப்பிக் கொடுப்பதுபோல் ஆகிறது, அடிப்பக்கத்தைக் காக்கும் பேஷ் பிளேட் தகட்டுக்கும் வட்டை வைத்து இறக்க வேண்டும். 40க்கு வேண்டாம். சந்தேகம் இருந்தால் நேரில் பாருங்கள்: வண்டி தன் எடையில் நிற்கட்டும், டார்ச் அடித்து உள்பக்க சி.வி. ஜாயிண்டின் ரப்பர் உறையில் உள்ள மடிப்புகளைப் பாருங்கள். மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும். மேல் மடிப்பு விரிந்து, கீழ் மடிப்பு ஒன்றோடு ஒன்று ஒட்டி உரசினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ரப்பர் அறுந்து கிரீஸ் வெளியேறும். கிரீஸ் போன இடத்தில் மணல் போகும், அதோடு ஜாயிண்ட் முடிந்தது.

செம்மண் (மிட்ராண்ட்)

கலகாடி என்று சொன்னதால் ஷாக் பற்றி மட்டும். அலை அலையாக மேடு விழுந்த கொருகேஷன் ரோட்டில் ஷாக்கைக் கொல்வது சூடு. மணிக்கணக்கில் சிறு சிறு அடி விழும்போது எண்ணெய் கொதித்து, வாயு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் தடுக்காது, வண்டி மிதக்கும், பின்பக்கம் வழுக்கும்.

சாதாரண ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய் வைத்த) ஷாக் இதில் சீக்கிரம் தளரும். ஃபோம் செல் வகையில் வாயுவுக்குப் பதில் ஒரு பஞ்சு உறை இருப்பதால் நுரை குறைவு, எண்ணெயும் அதிகம் பிடிக்கும். ஒற்றைக் குழாய் மோனோட்யூப் சூட்டை வேகமாக வெளியே விடும், ஆனால் அதன் வெளிக்குழாய்தான் பிஸ்டன் ஓடும் குழாய். பின்னால் கல் அடித்து ஒரு நெளிவு விழுந்தால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். என் தேர்வு ஃபோம் செல். ஓல்டு மேன் இமு, அயர்ன்மேன், டஃப் டாக் என்று பெயர் பார்த்து மண்டையைக் குழப்ப வேண்டாம். அந்த ஸ்ப்ரிங்குக்காகவே அமைத்த ஷாக்கா, பாகம் உங்கள் ஊரில் தனித்தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். கிராவலில் காற்றை 1.6 பாருக்கு இறக்கினால் ஷாக்கின் பாதி வேலையை டயர் செய்யும்.

கரும்புப்பாதை

மிக்க நன்றி. எடை இதோ. கேனப்பி (பின் பெட்டியை மூடும் கூடு) 75 கிலோ, டிராயர் 50, வேலைச் சாமான் 120. லீவில் சாமானை இறக்கிவிட்டு ஃப்ரிட்ஜ் நிறைய 45, தண்ணீர் 40, மற்ற மூட்டை 50 போகும். கேனப்பி மேல் டென்ட் வைக்கலாம் என்று யோசனை, 60 கிலோ. முன்னால் எதுவும் இல்லை, பம்பர் வைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. பின்னால் ஏர் பேக் (பாரத்தைத் தாங்கும் காற்றுப் பை) போட்டால் பாரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம் என்கிறார்களே?

பட்டைக்கட்டு (பைன்டவுன்)

கணக்கு நன்றாகவே அமைகிறது. வார நாளில் 245 கிலோ. லீவில் 260, டென்டோடு 320. அதாவது உங்கள் வண்டி வெறுமையாக ஓடுவதே இல்லை. பின்னால் 300 கிலோ நிரந்தர பாரத்துக்கான பட்டை, முன்னால் பம்பர் இல்லாத வண்டிக்கான இலகு காயில். இரண்டாம் கடையின் 40 மி.மீ. கிட்டில் இந்த இரண்டு வகையையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். கேனப்பியைக் கழற்றி வெறும் பக்கியாக (பிக்கப் வண்டியாக) ஓட்டுபவருக்கு இதே பட்டை முதுகை உடைக்கும், உங்களுக்குப் பொருந்தும்.

ஏர் பேக் வேண்டவே வேண்டாம். பட்டை பாரத்தை முன் ஹேங்கர், பின் ஹேங்கர் என்று சேஸின் இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. ஏர் பேக்கோ நடுவில், ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் தள்ளுகிறது. ஆக்ஸிலுக்குப் பின்னால் பாரம் தொங்க, டிரெய்லரும் இழுக்க, பள்ளத்தில் ஒரு பலத்த அடி விழுந்தால் டபுள் கேபின் சேஸ் அந்த இடத்தில் வளையும். கேபினுக்கும் பின் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே விரிந்து கீழே சுருங்கியிருக்கும் பக்கிகளைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தண்ணீர் டிரம்மையும் கனமான டூல்பாக்ஸையும் பெட்டியின் முன்பக்கம், கேபினை ஒட்டி வையுங்கள். நாலு பேர் ஏறி, டேங்க் நிரப்பி, எல்லாச் சாமானோடும் ஒருமுறை எடைமேடையில் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியாக நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள். தகட்டில் உள்ள ஜி.வி.எம். (வண்டியும் பாரமும் சேர்ந்து அனுமதித்த மொத்த எடை) எண்ணைக் கனப் பட்டை கூட்டாது.

கிளம்பும்போது 10, 20 கி.மீ. வேகத்தில் தரைக்கு அடியில் நடுக்கம் வந்தால், அது பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சி கொண்டுபோகும் இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங். பின்பக்கம் உயர்ந்ததால் கோணம் மாறியிருக்கும். பேரிங் தாங்கிக்கு 10 மி.மீ. வட்டை வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அதற்காக கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள்.

நேர்கோடு (ஃபீனிக்ஸ்)

மாட்டும் நாளுக்கு சில வார்த்தைகள். போவதற்கு முன் நாலு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் சேர்ந்துகொள்ளும். போட்ட பிறகு ஓட்டுநர் பக்கம் 10 மி.மீ. போல இறங்கியிருந்தால் அந்தப் பக்க ஸ்ட்ரட்டுக்கு 5 மி.மீ. பேக்கர் (மெல்லிய வட்டை) போடச் சொல்லுங்கள். சில கிட்டில் வலது காயில் சற்று நீளம், இடம் மாறினால் சாய்வு இரட்டிப்பாகும்.

பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட் புதிதாக இருக்க வேண்டும், பழையதைத் திரும்ப முறுக்கக் கூடாது. அதைவிட முக்கியம் புஷ் (ரப்பர் வளையம்) போல்ட். பட்டைக் கண், ஷாக்கிள், கீழ் ஆர்ம், இவற்றின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டே நிற்கும், உயரமும் பொய்யாகக் காட்டும், சில மாதத்தில் கிழியும். லூசாக மாட்டி, கீழே இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, வண்டி தன் எடையில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், கேட்கத் தயங்காதீர்கள். பிரேக் குழாயும் ஏ.பி.எஸ். வயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் விறைக்காமல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

500 கிலோமீட்டரில் யு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். 1,000 தாண்டியதும் ஸ்ப்ரிங் சற்று அமர்ந்திருக்கும், அலைன்மெண்ட்டை இரண்டாம் முறை பாருங்கள், விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஹெட்லைட்டை இறக்கி வைக்கவும், இல்லையென்றால் எதிரில் வருபவருக்குக் கண் கூசும். இன்சூரன்ஸுக்குக் கிட் விவரத்தை எழுத்தில் அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.