பிரிட்டனில் உங்களுக்குப் பிடித்த ரயில் நிலையம் எது, பிடிக்காதது எது?

வடதிசை (கேள்வி):
லண்டனில் பத்து நிமிட நடைத் தொலைவுக்குள் இரண்டு பெரிய நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றை விட்டு வெளியேற எனக்கு மனம் வருவதில்லை. மற்றொன்றில் நுழையவே மனம் வருவதில்லை. முதலாவது செயின்ட் பாங்கிரஸ். 1868இல் திறக்கப்பட்ட அதன் இரும்புக் கூரை, நடுவில் ஒரு தூணும் இல்லாமல் ஏறத்தாழ 240 அடி அகலத்தை ஒரே வளைவில் கடக்கிறது. தண்டவாளத் தளத்தின் அடியில் பர்ட்டன் நகரத்து பீர் பீப்பாய்களை வைப்பதற்கு ஏற்றபடி தூண்களின் இடைவெளியைப் பொறியாளர் பார்லோ வகுத்தார். பாரிஸ் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் இன்று அமர்ந்திருப்பது அந்த நிலவறையில்தான். இரண்டாவது யூஸ்டன். அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்து நிற்கும் கூட்டம், நடைமேடை எண் தோன்றியதும் பந்திக்கு முந்துவதுபோல ஓடுகிறது. உங்கள் தேர்வுகள் எவை? நிலையம் மட்டுமன்றிப் பயணத்தையும் சொல்லலாம்.

பனிமேடு:
எனக்குப் பிடித்தது வட இங்கிலாந்தின் செட்டில் – கார்லைல் பாதை. ரிப்பிள்ஹெட்டில் 24 வளைவுகள் கொண்ட கற்பாலத்தின் மீது வண்டி வேகம் குறைந்து ஊரும்போது, அதைக் கட்டியவர்கள் அந்த வெட்டவெளியில் குடிசை போட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்ததும், விபத்திலும் அம்மையிலும் பலர் மாண்டதும் நினைவுக்கு வராமல் போகாது. மூடிவிடுவதென்றிருந்த இப்பாதை, மக்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1989இல் தப்பியது. டென்ட் நிலையம் 1,150 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் முதன்மைப் பாதைகளில் இதைவிட உயரமான நிலையம் வேறில்லை. ஆனால் பெயருக்குரிய ஊரோ நான்கு மைலுக்கு அப்பால் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. அடுத்த வண்டியின் நேரம் பார்க்காமல் இறங்கிய நான், பழைய மரக்கட்டைகளால் ஆன பனித்தடுப்பு வேலியையும் ஆடுகளையும் பார்த்தபடி இரண்டு மணி நேரம் நின்றேன். அதையும் பிடித்த கணக்கிலேயே சேர்க்கிறேன்.

உப்புக்காற்று:
தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸிட்டரிலிருந்து மேற்கே செல்வோர் இடப்பக்கச் சன்னலைப் பிடிக்க வேண்டும். டாலிஷில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கிறது. 2014 பிப்ரவரிப் புயலில் அச்சுவர் உடைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பாதையை மீண்டும் திறக்க இரண்டு மாதங்கள் ஆயின. இப்பாதையை அமைத்த பொறியாளர் புருனெல் இங்கே வண்டியில் எஞ்சினே இல்லாமல், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த குழாயில் காற்றை உறிஞ்சி வண்டியை இழுக்கப் பார்த்தார். குழாயை மூடிய தோல் பட்டை கெட்டுப்போனதால், 1848இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. பிடிக்காத நிலையம், கடைசி இணைப்பு வண்டியைத் தவறவிட்டு இரவு முழுவதும் நான் குளிரில் நடுங்கிய ஓரிடம், பெயர் வேண்டாம்.

கரிப்புகை:
வடதிசை அவர்களே, யூஸ்டனின் முகப்பில் இருந்த மாபெரும் கல் வளைவை எதிர்ப்பையும் மீறி இடித்ததால் எழுந்த கோபம், பின்னர் செயின்ட் பாங்கிரஸைக் காக்கப் போராடியவர்களுக்கு வலுச்சேர்த்தது. அந்த வகையில் உங்கள் விருப்பமான நிலையம் உங்களுக்குப் பிடிக்காத நிலையத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. மேலும், ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் செல்லும் இரவு வண்டி யூஸ்டனிலிருந்துதான் புறப்படுகிறது. காலையில் கண் விழித்தால் ரானக் சதுப்பு நிலம். அங்கே மரவேர்களையும் சுள்ளிகளையும் பரப்பி, அவற்றின் மேல்தான் பாதையை மிதக்கவிட்டிருக்கிறார்கள். பொதுச்சாலையே எட்டாத கோரர் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். அங்கே நடைமேடைக்காக எவரும் ஓட வேண்டியதில்லை.